நாள் குறிக்காத பயணம்: உசிலம்பட்டியிலிருந்து ஐரோப்பாவை நோக்கி

கேள்வி

முதுகில் ஒரு பை, சட்டைப்பையில் ரயில் பாஸ். அடுத்த ஊர் எது என்பதை அன்று காலையில்தான் முடிவுசெய்வது. பிடித்த நகரத்தில் இரண்டு நாள் கூடத் தங்குவது, பிடிக்காத நகரத்தை மதியமே விட்டுக் கிளம்புவது. ஐரோப்பிய நகரங்களில் இப்படிச் சுற்றுவது அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் இளமையின் சுதந்திரமாகப் பேசப்படுகிறது. பயண நூல்கள் இதை ஒரு மனப்பாங்காக விளக்குகின்றன. துணிச்சலும் எளிமையும் தெரியாத ஊரின் மீது நம்பிக்கையும் இருந்தால் போதும், யாரும் இப்படிக் கிளம்பலாம் என்பது அவற்றின் உட்பொருள்.

இந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து. நாள் குறிக்காமல் பயணம் போவதற்கு மனம் மட்டும் போதாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் நகரும் உரிமை வேண்டும். அந்த உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. மதுரைக்கு மேற்கே, தேனிச் சாலையில் இருக்கும் உசிலம்பட்டியிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. இந்த வட்டாரத்து மக்களில் பெரும்பகுதியினருக்கு ஒரு தலைமுறைக்கும் மேலாக, சொல்லாமல் ஊரைவிட்டு நகர்வதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அந்த வரலாற்றையும் இன்றைய ஐரோப்பிய விசா நடைமுறையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும், அந்த ஒப்பீடு எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று எடைபோடுவதும் இக்கட்டுரையின் வேலை.

அலைவதற்கும் ஏற்பாடு தேவை

ஐரோப்பாவில் இந்தப் பயணமுறை தானாக முளைத்ததில்லை. 1901இல் பெர்லினின் ஸ்டெக்லிட்ஸ் பகுதியில் பள்ளி மாணவர்களிடையே உருவான ‘வாண்டர்ஃபோகல்’ இயக்கம், நகரத்தைவிட்டுக் கால்நடையாகக் காடு மேடு சுற்றுவதை இளைஞர் பண்பாடாக்கியது. ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் நடந்து வரும் மாணவர்கள் இரவு தங்க இடம் வேண்டும் என்று முயன்று, ஆல்டெனா கோட்டையில் நிரந்தரமான இளைஞர் விடுதியை ஏற்படுத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரயில் நிறுவனங்கள் கைகோத்தன. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கான யூரெயில் பாஸ் 1959இல் வந்தது. ஐரோப்பிய இளைஞர்களுக்கான இண்டர்ரெயில் 1972இல் தொடங்கியது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் 21 நாடுகளில் ஒரு மாதம் விருப்பம்போல ரயிலேறலாம் என்பது அதன் ஏற்பாடு. 1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்கின் ஷெங்கன் கிராமத்தருகே கையெழுத்தான உடன்படிக்கை 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது, உள் எல்லைகளில் நின்று காகிதம் காட்டும் வழக்கமும் போயிற்று. ஆக, திட்டமில்லாத பயணத்துக்குப் பின்னால் விடுதி, பாஸ், உடன்படிக்கை என எழுபது எண்பது ஆண்டுத் திட்டமிடல் இருக்கிறது.

நம்மிடமும் இதற்கு இணையான ஏற்பாடு இருந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் எதற்காகக் கட்டப்பட்டது? வந்தவர் யார், எத்தனை நாள் இருப்பார் என்று முன்பதிவு கேட்காமல் தங்க இடம் தரத்தான். பழனிக்கும் சபரிமலைக்கும் நடந்து போகிறவர்கள் வழியில் எந்த ஊரில் இருட்டுகிறதோ அந்த ஊரில் தலைசாய்ப்பதும், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவுக்கு மேற்கத்திக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் கிடைத்த இடத்தில் அடுப்பு மூட்டியதும் இதே ஏற்பாட்டின் மேல்தான் நடந்தன. தமிழருக்கு நாள் குறிக்காத பயணம் புதிது என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. அதை யார் செய்தால் பக்தி என்றும் யார் செய்தால் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் என்றும் அதிகாரம் பிரித்துப் பார்த்தது என்பதுதான் ஆராய வேண்டியது.

ராதாரிச் சீட்டு

1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடியில் 1914இல் இதைப் பயன்படுத்தத் தொடங்கிய அரசு, 1918 வாக்கில், உசிலம்பட்டி வட்டாரத்தில் பெரும்பகுதியினரான மதுரை மாவட்டப் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் இதன்கீழ்க் கொண்டுவந்தது. மக்கள் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். பதிவு செய்யப்பட்டவர்களின் விரல் ரேகையை எடுக்கக் காவல்துறைக்கு இச்சட்டம் அதிகாரம் தந்தது.

இந்தச் சட்டத்தின் பத்தாம் பிரிவு நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது. பதிவு செய்யப்பட்டவர் குறித்த இடைவெளிகளில் அதிகாரிமுன் ஆஜராக வேண்டும் என்று ஆணையிட அது வழிசெய்தது. தான் வசிக்கும் இடத்தையும், அதில் செய்யப்போகும் மாற்றத்தையும், வெளியூர் போவதையும், போகும் எண்ணத்தையுமே அவர் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிடவும் வழிசெய்தது. எண்ணத்தைக்கூடத் தெரிவிக்க வேண்டும் என்பதில்தான் அச்சட்டத்தின் இயல்பு அடங்கியிருக்கிறது. நடைமுறையில் இது இரவு ஆஜராகவும், ராதாரிச் சீட்டு என்ற பயண அனுமதிச் சீட்டாகவும் உருவெடுத்தது. ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ப் பொது இடத்திலோ ஆஜர் கொடுக்க வேண்டும். பெண் பார்க்கவோ இழவுக்கோ சந்தைக்கோ வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்கிப் போய், சேர்ந்த ஊரின் அதிகாரியிடம் காட்டித் திரும்ப வேண்டும். மாடு வாங்கப் போன இடத்தில் பேரம் முடியவில்லை என்று மேலும் ஒரு நாள் தங்கினால் அது குற்றம்.

இதை எதிர்த்த ஊர்களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் முதன்மையானது. 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை பதிக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீசார் சுட்டனர். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காள் உட்பட 16 பேர் உயிரிழந்ததாக ஊர் நினைவுகூர்கிறது. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். ‘ரோசாப்பூ துரை’ என்ற பெயரில் இப்பகுதி மக்கள் அவரை இன்றும் மதிக்கிறார்கள். முத்துராமலிங்கத் தேவரும் பொதுவுடைமை இயக்கத்தின் பி. ராமமூர்த்தியும் இச்சட்டத்தை நீக்கப் போராடினார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது நீங்கியது.

ஆய்வாளர்கள் இந்த வரலாற்றைப் பல கோணங்களில் அணுகியிருக்கிறார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50இல் இங்கே வந்து தங்கிப் பிரமலைக் கள்ளர் பற்றி எழுதிய பெருநூல் 1957இல் வெளியானது. உறவுமுறை, மணவுறவு, தெய்வ வழிபாடு ஆகியவற்றில் அதன் ஆழம் இன்றும் மிஞ்சப்படவில்லை. ஆனால் சட்டம் நீங்கி இரண்டு மூன்று ஆண்டே ஆகியிருந்த ஒரு சமூகத்தை எழுதும்போது, அச்சட்டம் அன்றாட வாழ்வில் விட்டுச்சென்ற தடத்துக்கு அதில் உரிய இடமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் எழுதிய கட்டுரையில் ‘குற்றப் பழங்குடி’ என்ற முத்திரையையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட நூல், கம்பம் பள்ளத்தாக்குக் கள்ளர்களிடம் உழவும் ஒழுக்கமும் எப்படிப் பின்னிப் பிணைந்தன என்று ஆராய்கிறது: ‘திருத்தம்’ என்ற பெயரில் அரசு அவர்களை நிலத்தோடு கட்ட முயன்றதையும், அவர்கள் அதைத் தமக்குரிய வகையில் மாற்றிக்கொண்டதையும் காட்டுகிறது. சென்னை மாகாணக் குறவர்களைப் பற்றி மீனா ராதாகிருஷ்ணா 2001இல் எழுதியது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போன வணிகர்கள், ரயில் வந்து தொழில் போனதும் ‘அலைபவர்கள்’ ஆனார்கள், அலைபவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம்.

இவற்றைச் சேர்த்துப் படித்தால், சட்டம் அஞ்சியது களவை மட்டுமில்லை என்று புரிகிறது. முன்கூட்டிச் சொல்லாத நடமாட்டமே அதன் இலக்கு. கள்ளர்களின் பழைய தொழில்களில் ஒன்றான ஊர்க்காவலே இரவு நடமாட்டத்தின் மேல் நின்றது. அந்த நடமாட்டத்தைத்தான் ஆஜர்ப் பதிவு முடக்கியது.

1920இல் பாரிஸ்

பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்த அதே 1920இல் வேறு இரண்டு நிகழ்வுகள் நடந்தன. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் அந்த ஆண்டில் இயற்றப்பட்டது. அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் சார்பில் பாரிசில் கூடிய மாநாடு, கடவுச்சீட்டு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. முதல் உலகப் போருக்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே பயணம் செய்ய முடிந்தது; போர்க்காலக் கட்டுப்பாடு போர் முடிந்தும் விலகவில்லை. ஜான் டார்பியின் 2000ஆம் ஆண்டு நூல் இதை விரித்துச் சொல்கிறது. நகர்வதை அனுமதிக்கும் அதிகாரத்தை அரசு தன் தனியுரிமையாக்கிக்கொண்டது என்பது அவர் முடிவு. ராதிகா சிங்ஹா இந்தியப் பகுதியை நிரப்புகிறார்: மக்காவுக்குப் போகும் ஏழைப் பயணிகளுக்கான சீட்டு 1882 முதல் எப்படி வளர்ந்து போர்க்காலக் கடவுச்சீட்டானது என்று அவர் ஆராய்கிறார்.

ஆண்டு ஒன்றாக இருப்பதை வைத்து இவை ஒரே சதியின் கூறுகள் என்று சொல்வது தவறு. ஆனால் விரல் ரேகையைப் பொறுத்தவரை தொடர்பு ஆவணப்பூர்வமானது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் 1858இல் ஒரு ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கினார். பிறகு எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பில் ரேகைகளை வகைப்படுத்தும் முறை உருவானது. 1897இல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் தொடங்கியது. 1901இல்தான் இந்த முறை லண்டன் ஸ்காட்லாண்ட் யார்டுக்குப் போனது. குடியேற்ற நாட்டில் பழகி ஐரோப்பாவுக்குத் திரும்பிய நுட்பம் இது என்று சந்தக் சென்குப்தா 2003இல் எழுதிய நூலில் விளக்குகிறார். ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இந்தியர்களிடம் 2015 நவம்பர் முதல் பத்து விரல் ரேகையும் வாங்கப்படுகிறது. அது 59 மாதம்வரை மறுபடி பயன்படும்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் இருந்த தமிழர்

உசிலம்பட்டிப் பகுதியில் ராதாரிச் சீட்டு நடப்பில் இருந்த அதே ஆண்டுகளில், தமிழர் சிலர் ஐரோப்பாவை நெடுக அளந்தார்கள். 1931 டிசம்பர் 13 அன்று பெரியார் எஸ். ராமநாதனுடனும் ஈரோடு ராமுவுடனும் சென்னையில் ‘அம்போய்ஸ்’ கப்பலில் ஏறினார். எகிப்து, கிரீஸ், துருக்கி, சோவியத் ஒன்றியம், ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்சு என்று ஏறக்குறைய பதினொரு மாதம் சுற்றி, 1932 நவம்பரில் இலங்கை வழியாக ஊர் திரும்பினார். அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் பின்னர் அச்சில் வந்தன. சோவியத்தில் மட்டும் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே. செட்டியார் இன்னொருவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்ற அவருக்கு, 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. எங்கே எந்தப் படச்சுருள் கிடைக்கும் என்று தெரியாமல் நாடு நாடாகத் தேடிப் போனார். படம் 1940இல் சென்னையில் திரையிடப்பட்டது. பின்னாளில் அவர் 1968இல் தொகுத்த ‘தமிழ்நாடு: பயணக் கட்டுரைகள்’ இல்லையென்றால் தமிழரின் பயண எழுத்தைப் பற்றி இவ்வளவு நமக்குத் தெரிந்திராது.

இவ்விரு பயணங்களும் திட்டத்தைவிடத் தேடலை நம்பியவை. தமிழில் நாள் குறிக்காத ஐரோப்பியப் பயணத்துக்கு முன்மாதிரி தேடினால் இவர்களிடம்தான் போக வேண்டும். ஆயினும் ஒருவர் ஈரோட்டு வணிகக் குடும்பத்தவர், மற்றவர் நகரத்தார். பெரியார் பெர்லினில் நடந்த அதே இரவுகளில் பெருங்காமநல்லூர்க்காரர் ஆஜர் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவருமே பிரிட்டிஷ் இந்தியப் பிரஜைகள்தான். ஒரே அரசு ஒருவருக்குக் கடவுச்சீட்டும் இன்னொருவருக்கு ராதாரிச் சீட்டும் தந்தது. இதைப் பெரியாரின் அல்லது செட்டியாரின் குறையாகச் சொல்வதற்கில்லை. தமிழ்ப் பயண இலக்கியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள், எழுதியவர்களின் வரிசையை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் குறை. நகர முடியாதவர்கள் பயண நூல் எழுதவில்லை.

இன்னொரு கூட்டமும் இந்த வரலாற்றில் விடுபட்டுப் போகிறது. இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த இனவன்முறைக்குப் பிறகு ஐரோப்பிய நகரங்களை ஒரு பையோடு, அடுத்த ஊரும் திரும்பும் நாளும் தெரியாமல் கடந்த தமிழர்களில் பெருந்தொகையினர் ஈழத்து அகதிகள். 1980களின் நடுவில் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, காகிதச் சோதனை இல்லாத வழியால் மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்கள் பலர். அங்கிருந்து பாரிஸ், சூரிச், பேர்ன், லண்டன் என்று பிரிந்தார்கள். பாரிசின் லா ஷப்பேல் தெரு இன்று தமிழ்க் கடைத்தெருவாக இருப்பது அந்தப் பயணங்களின் விளைவு. அவர்கள் பார்த்த ஐரோப்பா ரயில் நிலையங்களும் காவல் நிலையங்களும் முகாம்களுமாக இருந்தது. அந்த அனுபவம் ஷோபாசக்தி முதலானோரின் எழுத்தில் இலக்கியமாகியிருக்கிறது. திட்டம் இல்லாமை சுதந்திரமாவது திரும்பிப் போக ஒரு வீடு இருக்கும்போதுதான் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

விண்ணப்பப் படிவம்

இனி இன்றைய நிலை. உசிலம்பட்டியில் பிறந்து, பொறியியல் படித்து, இரண்டாண்டு வேலைபார்த்த ஓர் இளைஞன் இருபது நாள் ஐரோப்பாவில் மனம்போனபடி சுற்ற விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டு மதுரையிலேயே கிடைக்கும். வெளிநாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சொன்ன பிறகு, கடவுச்சீட்டு தருவதும் மறுப்பதும் அரசின் தயவாக இல்லாமல் சட்டத்துக்கு உட்பட்டதாக ஆயிற்று. சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பின்படி, எந்த நாட்டில் அதிக நாள் தங்குவாரோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா இடத்திலும் சம அளவு தங்கினால், முதலில் நுழையும் நாட்டிடம். அதாவது, எங்கே எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்காமல் எந்த வாசலில் நிற்பது என்றே தெரியாது. அடுத்து, பயண நோக்கம், தங்குமிடம், செலவுக்குப் பணம், திரும்பி வரும் எண்ணம் ஆகிய நான்குக்கும் சான்று தர வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ரேகை கொடுக்கச் சென்னைக்கோ கொச்சிக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். விண்ணப்பத்தோடு நாள்வாரியாகப் பயணத் திட்டமும், ஒவ்வோர் இரவுக்கும் விடுதிப் பதிவும் இணைப்பது வழக்கமாகிவிட்டது. 2024இல் இந்தியாவிலிருந்து போன சுமார் 11 லட்சம் விண்ணப்பங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் மறுக்கப்பட்டன. கட்டணம் திரும்பாது.

பணத்துக்கான சான்று என்ற இடத்தில் உசிலம்பட்டி தனியாகப் பேசப்பட வேண்டும். இங்கே குடும்பத்தின் செல்வம் வங்கிக் கணக்கில் மட்டும் இருப்பதில்லை. செய்முறையில் இருக்கிறது. காதுகுத்து, வசந்த விழா, வீடு குடிபுகுதல் என்று பத்திரிகை அடித்து, செய்த மொய்யைத் திரும்ப வாங்குவதும் வாங்கியதைத் திருப்பிச் செய்வதும் இந்த வட்டாரத்தின் கடன் அமைப்பு. யார் எவ்வளவு செய்தார், யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது மொய் நோட்டில் பிசகில்லாமல் இருக்கும். தொழில் தொடங்கவும் பிள்ளை படிக்கவும் அந்தப் பணம்தான் உதவுகிறது. ஆனால் ஒரே நாளில் வங்கியில் விழும் பெருந்தொகை, விசா அதிகாரியின் பார்வையில் விளக்கம் தேவைப்படும் தொகை. தோட்டத்து மல்லிகையும் கரும்பும் தரும் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் காட்ட வரிக் கணக்கும் இல்லை. நாணயமான பொருளாதாரம் ஒன்று அந்நியப் படிவத்துக்குள் அடங்காததால் சந்தேகத்துக்குரியதாகிறது.

இதே விதிகள் எல்லாத் தமிழருக்கும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள்வரை விசா தேவையில்லை. உசிலம்பட்டியிலிருந்து பாட்டன் காலத்தில் மலேயாத் தோட்டத்துக்குப் போன குடும்பத்தின் பேரன் கோலாலம்பூரில் விமானம் ஏறி, ரோமில் இறங்கி, அடுத்த ஊரை அங்கே போய் முடிவு செய்யலாம். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன்வழிப் பேரன் விடுதி விடுதியாகப் பதிவு செய்து நாள்வாரிப் பட்டியல் தர வேண்டும். மொழியும் குலதெய்வமும் மனப்பாங்கும் ஒன்றுதான், கடவுச்சீட்டுதான் வேறு. பயண மனப்பாங்கு பற்றிய விளக்கங்கள் இங்கே தோற்றுப்போகின்றன. குடியுரிமை என்பது பெரும்பாலோருக்குப் பிறப்பால் வரும் சொத்து என்று அயெலெட் ஷகார் 2009இல் வாதிட்டதற்கு இந்தப் பங்காளிகளைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இந்த முறையின் மோசமான விளைவு வேறொன்று. திட்டமே இல்லாதவரை இது திட்டம் புனையச் செய்கிறது. ரத்து செய்யக்கூடிய பதிவுகளைப் போட்டு, நாள்வாரிப் பட்டியல் எழுதி, விசா வந்ததும் எல்லாவற்றையும் கலைப்பது பரவலான நடைமுறை. வாங்குபவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். விசா கிடைத்த பிறகு உள்ளே ஊர் மாற்றிக்கொள்ளத் தடையில்லை என்பதும் உண்மை. ஆனால் உண்மையைச் சொல்லி, ‘முடிவு செய்யவில்லை’ என்று எழுத ஓர் இடம்கூட இல்லாத படிவம் நேர்மையானவரையே முதலில் தண்டிக்கிறது. இதைச் சிறு விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒப்பீட்டின் எல்லை

ராதாரிச் சீட்டையும் ஷெங்கன் விசாவையும் சமமாக்குவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. குற்றப் பழங்குடிச் சட்டம் சொந்த மண்ணில், சொந்தப் பிழைப்புக்காக நகர்வதைத் தடுத்தது. மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், சுடப்பட்டார்கள். விசா கிடைக்காதவர் ஐரோப்பாவுக்குப் போகாமல் இருக்கலாம், வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். எல்லையில் யாரை அனுமதிப்பது என்று தீர்மானிக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டு என்பதைப் பன்னாட்டுச் சட்டமும் ஏற்கிறது. இந்திய அரசும் வெளிநாட்டவரிடம் விசா கேட்கிறது.

இந்த வேறுபாடுகளை ஏற்ற பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. இரண்டு நடைமுறைகளும் ஒருவர் செய்ததை விசாரிப்பதில்லை, செய்யக்கூடியதை ஊகிக்கின்றன. விசா மறுப்புக்கான நிலையான காரணங்களில் ஒன்று, காலம் முடியுமுன் வெளியேறுவார் என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பது. அந்த ஐயத்தை நீக்கும் பொறுப்பு நகர விரும்புபவர்மீது விழுகிறது. அதற்கு அவர் தன் எண்ணத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். பத்தாம் பிரிவு கேட்டதும் எண்ணத்தைத்தான். வன்முறையில் இரண்டுக்கும் ஒப்பில்லை. தருக்கத்தில் உறவு இருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பா நடைமுறைப்படுத்தத் தொடங்கியுள்ள நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில், விசா தேவைப்படாத வெளிநாட்டவரும் எல்லையில் ரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். இதுவரை சந்தேகிக்கப்படாதவர்களையும் ரேகை எட்டுகிறது.

நாள் தெரியாமல் போனவர்கள்

நாள் குறிக்காமல் போவதெல்லாம் விடுதலை என்று கொண்டாடுவதற்கும் உசிலம்பட்டி இடம் தராது. முறுக்குப் போடவும் சிற்றுண்டிக் கடைகளில் வேலை செய்யவும் இந்த வட்டாரத்திலிருந்து ஆந்திரத்துக்கும் அதற்கு வடக்கேயும் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் முன்பணம் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள். எந்த ஊர், எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் போனார்கள். மீட்கப்பட்ட சிறுவர்கள் பற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளை ஏறிய முன்பதிவில்லாப் பெட்டியும் நாள் குறிக்காத பயணம்தான். யார் தீர்மானித்த பயணம் என்று கேட்காமல் இந்தச் சொற்றொடரைப் பயன்படுத்தவே கூடாது.

வீட்டு வாசலிலும் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. ஐரோப்பாவில் தனியாகச் சுற்றும் இளம்பெண்ணை நம் பத்திரிகைகள் வியந்து எழுதுகின்றன. மதுரைக்குத் தனியாகப் போய்வர நினைக்கும் மகளிடம் எந்தப் பேருந்து, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று நாள்வாரித் திட்டம் கேட்கிறோம். அவள் அண்ணனிடம் கேட்பதில்லை. ரேகைச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் மாயக்காளின் பெயரைச் சொல்லும் ஊர், சொல்லாமல் நகரும் உரிமையை மகள்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பொதுப் போக்குவரத்தும் இந்தக் கேள்வியின் பகுதிதான். மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதை 1928இல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. தேனிவரை மறுபடி ரயில் ஓடியது 2022 மே மாதத்தில், போடிவரை 2023 ஜூனில். பதினோரு ஆண்டுக்கு மேல் உசிலம்பட்டிக்கு ரயிலே இல்லை. ஒரு மாதம் எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற பாஸ் நம் மாணவர்களுக்கு இல்லை. குறித்த வழியில் எட்டு இடம்வரை இறங்கி ஏறலாம் என்கிற சுற்றுப் பயணச் சீட்டு இந்திய ரயில்வேயில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிய மாணவரை நான் பார்த்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் தன் பதினெட்டு வயது இளைஞர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு ஆண்டுதோறும் இலவச ரயில் பாஸ் கொடுக்கிறது. கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத் தென்னிந்தியா முழுவதும் ஒரு மாதம் சுற்ற ஒரு பாஸ் தருவது நம் அரசுகளுக்குப் பெரிய செலவாக இருக்காது. நகர்வதைத் தடுத்த சட்டத்தின் கீழ் ‘சீரமைக்க’ உருவான பள்ளிகள் அவை என்பதால், அங்கிருந்து தொடங்குவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

விசாவைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக ஐரோப்பா கொண்டுவந்த படிநிலை விதி ஒரு திறப்பு. மூன்றாண்டுக்குள் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டுப் பன்முறை விசா, அதன்பிறகு ஐந்தாண்டு விசா. ஐந்தாண்டு விசா வைத்திருப்பவர் உண்மையிலேயே நாள் குறிக்காமல் போகலாம். ஆனால் அதற்கு முதல் விசாவைத் தாண்ட வேண்டும், அதுவும் இரண்டு முறை போய்வரும் செலவோடு. ஏற்கெனவே போனவரை நம்பும் விதி இது. ஊரில் முதன்முதலாகக் கிளம்புகிறவரிடம் இன்னும் அந்த நாள்வாரிப் பட்டியலைத்தான் கேட்கிறது. முதல் விண்ணப்பத்திலேயே நுழையும் நாளும் வெளியேறும் நாளும் மொத்தச் செலவும் மட்டும் கேட்டு, இடைப்பட்ட நாள்களை விண்ணப்பித்தவரிடமே விட்டுவிடலாம். 90 நாள் வரம்பும் எல்லைப் பதிவும் இருக்கும்போது இதனால் எந்தப் பாதுகாப்பும் குறையாது.